கருக்கலில் தொடங்கும் அழுகை: பிள்ளை வளர்ப்பு கேள்வி பதில்

கேள்வி: தலைப்பிரசவம் முடிந்து அம்மா வீட்டில் இருக்கிறேன். பெண் பிள்ளை, ஐந்து வாரம் ஆகிறது. பகல் முழுக்க அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறாள். விளக்கு வைக்கிற நேரத்தில் ஆரம்பிக்கும் அழுகை ராத்திரி பத்து, பதினொன்று வரை ஓய்வதில்லை. தோளில் தூங்குகிறவள் கீழே போட்டதும் முழித்து வீறிடுகிறாள். பால் பத்தவில்லை, டப்பா பால் கொடு என்று அத்தை போனில் சொல்கிறார்கள். வசம்பு உரசிப் போடு என்கிறார் அம்மா. சித்தியோ குடலேற்றம், தட்டினால் சரியாகிவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
(வாசகி, அம்பாசமுத்திரம்)

பதில்: தங்கச்சி, உங்கள் பாலிலும் குறை இல்லை, பிள்ளையிடமும் குறை இல்லை. இதை முதலில் நம்புங்கள். பச்சைப்பிள்ளைகளின் அழுகை பிறந்து இரண்டு வாரத்தில் ஏற ஆரம்பித்து, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்துக்குள் தானாக இறங்கிவிடும். எந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான், அதிலும் கருக்கல் நேரத்தில்தான் கூடுதலாக அழும். உங்கள் மகள் இப்போது அந்த ஏற்றத்தில் இருக்கிறாள், இன்னும் ஒன்றிரண்டு வாரம் கூடத்தான் செய்யும், பயப்படாதீர்கள்.

பால் பத்துகிறதா என்று கண்டுபிடிக்க அத்தையையும் கேட்க வேண்டாம், என்னையும் கேட்க வேண்டாம், துணியை எண்ணுங்கள். ஒரு நாளைக்கு ஆறு துணிக்குக் குறையாமல் நனைத்து, நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை எடை ஏறினால் பால் பத்துகிறது என்று அர்த்தம். எடையைக் கிராம சுகாதார செவிலியரே போட்டுச் சொல்லிவிடுவார். சாயங்காலத்தில் அரை மணிக்கு ஒருதரம் மார்பைத் தேடுவதைப் பார்த்துத்தான் பெரியவர்களுக்குப் பால் வற்றிவிட்டது என்று தோன்றுகிறது, ஆனால் ராத்திரி நேரத்துக்குச் சேர்த்துக் குடித்துக்கொள்வது பிள்ளைகளின் வழக்கம், கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். அந்த நேரத்தில் டப்பா பாலைக் கொடுத்தால் பிள்ளை உறிஞ்சுவது குறையும், உறிஞ்சுவது குறைந்தால் பால் சுரப்பதும் குறையும், அத்தை பயந்தது அப்புறம் நிஜமாகிவிடும்.

வசம்பு வேண்டவே வேண்டாம். அதில் இருக்கும் அசரோன் என்ற பொருள் விடாத வாந்தியை உண்டாக்கும், அமெரிக்காவில் 1968லேயே உணவில் வசம்பைச் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். குடல் தட்டுவது என்று தலைகீழாகத் தூக்கி உலுக்குவது அதைவிட மோசம். தலை நிற்காத பிள்ளையை உலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியலாம், சித்தியின் மனம் நோகும் என்று இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சுற்றிப் போட வேண்டும் என்றாலோ, பள்ளிவாசலில் மந்திரித்துவிட்டு வரலாம் என்றாலோ போய்விட்டு வாருங்கள், பிள்ளையின் வாய்க்குள் எதுவும் போகாத வரையில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சரி, தூங்க வைப்பதற்கு வருவோம். பிறந்த பிள்ளை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும், ஆனால் இரவு பகல் தெரியாது, அது தெரிய ஆரம்பிக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். பகலில் திண்ணையிலோ ஜன்னல் பக்கமோ வெளிச்சத்தில் படுக்க வைத்து, மிக்ஸி சத்தம், பேச்சு சத்தம் எல்லாம் இருக்கும்படி விடுங்கள். நீண்ட நேரம் தூங்கினால் எழுப்பிப் பால் கொடுங்கள். பொழுது அடைந்ததும் டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரு சின்ன பல்பு போதும். நம் ஊரில் வேலை விட்டு வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் ஆறு மணிக்குமேல்தான் பிள்ளை பார்க்க வருவார்கள், டிவியில் சீரியல் ஓடும், பிள்ளை கை மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கும். ஐந்து வாரப் பிள்ளையால் ஒரு மணி நேரத்துக்குமேல் முழித்திருக்க முடியாது, அதைத் தாண்டிவிட்டால் அலுத்துப்போய் தூங்கத் தெரியாமல் அழும். புருவம் சிவந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, விரலை மடக்கி முட்டியை இறுக்கினால் அதுதான் அடையாளம், யார் மடியில் இருந்தாலும் வாங்கிக்கொண்டு இருட்டான அறைக்குப் போய்விடுங்கள். வந்தவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் வந்தபிறகு, நெஞ்சோடு அணைத்து நடங்கள். ஜப்பானில் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தார் 2022இல் இதை அளந்தே பார்த்தார்கள். அழுகிற பிள்ளையை ஐந்து நிமிடம் நிற்காமல் தூக்கி நடந்தால் அமைதியாகிறது, பல பிள்ளைகள் தூங்கியும் போகின்றன. தூங்கியதும் கீழே போட்டால் சில பிள்ளைகள் முழித்துக்கொள்கின்றன, அதனால் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியிலேயே வைத்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போடச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் விட்டுப்போவது இந்த உட்காரும் நேரம்தான் என்று நினைக்கிறேன். தூக்கத்தின் முதல் பாதியில் இமைக்குள் கண் உருளும், உதடு சப்புக் கொட்டும், விரல் துடிக்கும், அப்போது போடாதீர்கள். கையைத் தூக்கிவிட்டால் தொப்பென்று விழ வேண்டும், மூச்சு ஒரே சீராக இருக்க வேண்டும். அப்புறம் முதலில் இடுப்பு, பிறகு முதுகு, கடைசியாகத் தலை படும்படி மெல்ல இறக்கி, நெஞ்சின்மேல் வைத்த கையை உடனே எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருங்கள். காதோரம் உஷ்ஷ் என்று நீட்டிச் சொல்வதும், ஃபேன் சத்தமும் பல பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தாலாட்டு உங்களுக்குத் தெரியாவிட்டால் அம்மாவைப் பாடச் சொல்லுங்கள், வசம்பைத் தடுத்த வருத்தமும் அவருக்குத் தீரும்.

கேள்வி: காற்றாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறேன். ராத்திரி பிள்ளையைச் சேலைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டே இருக்கிறோம், நிறுத்தினால் அழுகிறான். தொட்டிலிலேயே விடிய விடியத் தூங்க விடலாமா?
(வாசகர், ராதாபுரம்)

பதில்: தம்பி, தொட்டில் ஆகாது என்று சொல்ல மாட்டேன், நம் பக்கத்தில் அதில் வளராத பிள்ளை கிடையாது. ஆனால் பக்கத்தில் ஆள் முழித்திருக்கும்போது மட்டும் போடுங்கள். சேலை வளைவதால் சின்னப் பிள்ளையின் தாடை நெஞ்சில் முட்டிக்கொள்ளும், திரும்பினால் மூக்கு துணியில் புதையும், சத்தம் வராமலே மூச்சு முட்டிவிடும். தொட்டில் கம்பு வைத்துச் சேலையை அகலப்படுத்துங்கள், தரையை ஒட்டித் தாழ்வாகக் கட்டுங்கள், முடிச்சைத் தினமும் இழுத்துப் பாருங்கள். நீங்கள் கண்ணயரப் போகும்போது பிள்ளையை எடுத்து, கெட்டியான சமதளப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். தலையணை வேண்டாம், கடுகுத் தலையணையும் வேண்டாம்.

இன்னொன்று, ஷிப்டு இல்லாத ராத்திரிகளில் பால் குடித்து முடித்த பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் நெஞ்சில் சாய்த்துக்கொண்டால் அப்பாவிடமும் அடங்கும். அடங்காமல் அழுது உங்களுக்கு ஆத்திரம் வருகிற மாதிரி இருந்தால் பத்திரமாகக் கீழே மல்லாக்கப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் முற்றத்தில் நின்றுவிட்டு வாருங்கள். எந்தக் கோபத்திலும் பிள்ளையை உலுக்கக் கூடாது.

கேள்வி: என் பேரனுக்குக் குளிப்பாட்டியதும் உரைமருந்து கொடுத்து, மூக்கில் எண்ணெய் விட்டு, சாம்பிராணி காட்டக் கூடாது என்கிறாள் மருமகள். ஐந்து பிள்ளைகளை இப்படித்தான் வளர்த்தேன்.
(வாசகி, கடையநல்லூர்)

பதில்: ஆச்சி, காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிற கை உங்கள் மருமகளுக்கு வராது, அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரும், எண்ணெய் தடவி மெல்ல நீவி விடுவதும் பிள்ளையை நன்றாகத் தூங்க வைக்கும். சாயங்காலம் அழுகிற பிள்ளை என்றால் குளியலையே அந்த நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். மற்ற மூன்றிலும் மருமகள் பக்கம்தான் நான். உரைமருந்தில் சேரும் ஜாதிக்காயும் வசம்பும் தருவது மயக்கம், அதைத் தூக்கம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உரைகல்லில் இருக்கும் கிருமியும் சேர்ந்தே உள்ளே போகிறது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் நிமோனியாவாக முடியும். சாம்பிராணிப் புகையும் அந்தச் சின்ன நெஞ்சுக்கு ஆகாது, தலையைத் துண்டால் துவட்டினாலே ஈரம் போய்விடும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம், டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தைத் தவிர.

கேள்வி: சாரல் காலத்தில் ராத்திரி ஸ்வெட்டர், குல்லா, போர்வை எல்லாம் போட்டும் தூங்க மாட்டேன் என்கிறான்.
(வாசகி, தென்காசி)

பதில்: புழுங்கித்தான் அழுகிறான். உங்களுக்கு எத்தனை துணி போதுமோ அதைவிட ஒன்று கூடுதல், அவ்வளவுதான். வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா வேண்டாம். கை கால் சில்லென்று இருப்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள், பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே வேர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள்.

கேள்வி: சும்மா அழுகிறதா, உடம்புக்கு ஏதாவதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: துணி முழுவதையும் அவிழ்த்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கால் விரல் இடுக்குகளை விரித்துப் பாருங்கள், பிள்ளை பெற்ற சில மாதத்தில் அம்மாவுக்கு முடி கொட்டும், அதில் ஒரு இழை விரலில் சுற்றி இறுகி விரல் வீங்கிக் கிடக்கும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. அரைஞாண் கயிறு, கைக்கறுப்புக் கயிறு இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். அடிவயிறும் தொடையும் சேரும் இடத்தில் புடைத்துக்கொண்டு கெட்டியாக இருந்தால் குடலிறக்கமாக இருக்கலாம், உடனே காட்ட வேண்டும்.

மூன்று மாதத்துக்குள் இருக்கிற பிள்ளைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால், அழாவிட்டாலும்கூட அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுப்பது, மூச்சு விடும்போது நெஞ்சு குழிவது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, வழக்கமில்லாத கீச்சுக் குரலில் அழுவது, இதில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். உங்களுக்கு ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி பக்கம்தான், ராத்திரி எந்நேரமும் பார்ப்பார்கள். கிளம்பும்போது பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள், கடைசியாக எப்போது பால் குடித்தது, எப்போது துணி நனைத்தது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.