மருதம்பட்டையும் மாத்திரையும்: இதய மருத்துவர் பதில்கள்

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆகிறது. ராசப்பச் செட்டித் தெருவில் மருதம்பட்டைத் தூள் வாங்கி, பாலில் காய்ச்சிக் குடிக்கிறார். அடைப்பு கரைந்துவிடும், மாத்திரை வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?
- வாசகி, ராயபுரம்

மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். ஆஸ்பிரினையும் க்ளோபிடோக்ரலையும் இஷ்டத்துக்கு நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். அதற்காக மருதம்பட்டையை வெறும் கட்டுக்கதை என்று சொல்ல மாட்டேன். நெஞ்சுவலி குறைகிறதா என்று நம் நாட்டிலேயே சோதித்திருக்கிறார்கள், சிலவற்றில் பலனும் தெரிந்தது. ஆனால் அவை கொஞ்சம் பேரை வைத்துக் கொஞ்ச நாள் நடந்தவை. இருக்கிற அடைப்பைக் கரைக்கும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் கிடையாது. விட மனசில்லை என்றால் அந்தப் பொட்டலத்தோடு அப்பாவை அவருடைய டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ரகசியமாகக் குடிப்பதுதான் எனக்குப் பயம்.

கொலஸ்ட்ராலுக்குப் பூண்டு மாத்திரை போதாதா?
- வாசகர், வியாசர்பாடி

போதாது. 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையான ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராமை, பூண்டு, மஞ்சள், லவங்கப்பட்டை உள்ளிட்ட ஆறு சப்ளிமென்ட்களோடு ஒப்பிட்டார்கள். 28 நாளில் ஸ்டாட்டின் எடுத்தவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் சுமார் 38 சதவீதம் இறங்கியது. அந்த ஆறில் எதுவும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மரப்பிசின் வகையான குக்குலு இன்னும் மோசம்: 2003-இல் வந்த ஆய்வில் கெட்ட கொலஸ்ட்ரால் குறைவதற்குப் பதில் கொஞ்சம் ஏறியது!

பூண்டு ரசத்தை யார் தடுத்தார்கள், தாராளமாகச் சாப்பிடுங்கள். பூண்டு மாத்திரை எடுப்பவர் மட்டும் ஆபரேஷனுக்கோ பல் பிடுங்கவோ போகும்போது முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ரத்தக்கசிவு கூடலாம். செடியிலிருந்தே ஏதாவது வேண்டும் என்றால் இசப்கோல் பரவாயில்லை, கெட்ட கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் இறக்கும். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

பிபிக்குச் செம்பருத்தி டீ குடிக்கலாமா?
- தண்டையார்பேட்டை

குடிக்கலாம். ஆனால் ஆய்வுகளில் பிபியைச் சற்றுக் குறைத்தது நம் வாசலில் பூக்கும் செம்பருத்தி இல்லை, புளிச்சைக்கீரை இனத்துச் செடி.

காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறேன். தொண்டை கட்டாமலிருக்க நாள் முழுக்க அதிமதுரம் மெல்லுவேன். இரண்டு வகை மாத்திரை போட்டும் பிபி இறங்கவில்லை.

அண்ணே, அந்த அதிமதுரத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். அதிலுள்ள கிளைசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். பிபி ஏறும், இதயத் துடிப்பும் தாறுமாறாகலாம். உங்கள் மாத்திரைகளில் ஒன்று சிறுநீர் பிரிக்கிற வகை என்றால் பொட்டாசியம் இன்னும் இறங்கும். இன்றே மெல்லுவதை நிறுத்துங்கள். கருவாட்டையும் குறையுங்கள், அதுவும் உப்புதானே. தொண்டைக்கு வெந்நீர் போதும். இந்த வாரமே பொட்டாசியம் டெஸ்ட் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். அதிமதுரம் உடம்பிலிருந்து விலகச் சில வாரம் ஆகும். அதுவரை பிபி மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.