ஆப்பிள் சிடர் வினிகர் குடித்தால் உண்மையிலேயே எடை குறையுமா? குடித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நான் குடித்தேன், எடையும் குறைந்தது. ஆனால் குறைத்தது வினிகர் இல்லை என்று புரிய மூன்று மாதம் ஆயிற்று, கூடவே பல் கூச்சமும் வந்து சேர்ந்தது.

ஊர் கீழக்கரை. துபாயிலிருந்து லீவில் வந்த காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) என் தொந்தியைப் பார்த்துவிட்டுப் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். அடியில் நூல் நூலாக ஏதோ கலங்கலாக மிதந்தது. "அதுதான்டா தாய், சத்தெல்லாம் அதுலதான் இருக்கு" என்றார். அப்புறம் படித்துப் பார்த்தால், ஆப்பிள் சாறு நொதித்துச் சாராயமாகி, அதை பாக்டீரியா புளிக்க வைக்கிறது, அந்த பாக்டீரியாவும் அது கட்டுகிற நார்ப்படலமும்தான் அந்தத் தாய். அசிட்டிக் அமிலம் நூற்றுக்கு ஐந்து பங்கு போல, மீதி பெரும்பாலும் தண்ணீர். நம்ம ஊரில் கள் புளித்துக் காடியாகிற (வினிகரைத்தான் காடி என்போம்) அதே கதை.

காலையில் பல் விளக்கிய கையோடு வெறும் வயிற்றில் இரண்டு ஸ்பூன், தண்ணீர்கூடச் சரியாகக் கலக்காமல். தொண்டை எரியும், பத்து மணி வரை குமட்டும், இடியாப்பத்தைப் பார்த்தாலே வேண்டாம் போலிருக்கும். அதோடு, காக்கா கேட்பாரே என்ற பயத்தில் ராத்திரி பரோட்டாவையும், எங்கள் ஊர்த் தொதலையும் நிறுத்தியிருந்தேன். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டி, எண்ணெய் பிரிந்து மினுமினுவென்று நிற்கும் அந்த அல்வாவைத் தினமும் ஒரு துண்டு தின்றவன் நான். நாலு கிலோ இறங்கியது. பெருமை முழுவதும் பாட்டிலுக்குப் போனது.

ஒருநாள் ஐஸ் போட்ட நன்னாரி சர்பத்தை ஒரு வாய் குடித்தேன், முன்பல் இரண்டும் சுரீரென்று மண்டை வரை ஏறிவிட்டது. பல் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "புளிப்பா என்ன குடிக்கிறீங்க?" என்பதுதான். அமிலம் எனாமலை இளக்குகிறது, அது போனால் திரும்ப வளராது. குடித்தே தீருவேன் என்றால் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன், சாப்பாட்டோடு, குடித்த உடனே பல் விளக்காமல். அவ்வளவுதான் அவர் சொன்னது.

சரி, ஆராய்ச்சி என்ன சொல்கிறது? ஜப்பானில் 2009-இல் வெளியான ஆய்வில் 12 வாரம் தினமும் 15 மில்லியோ 30 மில்லியோ குடித்தவர்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிலோ வரைதான் குறைந்தது, நிறுத்தியதும் எடை திரும்ப ஏறத் தொடங்கிவிட்டது. வாட்ஸ்அப்பில் சுற்றும் "மூன்று மாதத்தில் ஏழெட்டுக் கிலோ" சமாச்சாரம் லெபனானில் செய்து 2024-இல் வெளிவந்த ஆய்வு. அதன் புள்ளிவிவரங்களில் சந்தேகம் எழுந்து 2025-இல் இதழே அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. இந்தச் செய்தியை மட்டும் யாரும் ஃபார்வர்டு பண்ணவில்லை!

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். என் உம்மா இன்சுலின் போடுகிறார், "நானும் குடிக்கவா வாப்பா" என்று கேட்டார், வேண்டவே வேண்டாம் என்றேன். சாப்பாடு வயிற்றைவிட்டு இறங்குவதை வினிகர் தாமதப்படுத்தும், ஊசி போட்டிருக்கும்போது சர்க்கரை தடாலென்று இறங்கிவிடலாம். சிறுநீர் பிரிய மாத்திரை எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் குறையும் ஆபத்து உண்டு. நெஞ்செரிச்சல்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

உம்மா விடவில்லை, "நபிகள் நாயகமே காடியை நல்லதுன்னு சொல்லியிருக்காங்களே" என்றார். நல்ல தொடுகறி என்றுதானே உம்மா சொன்னார்கள், இளைக்கிற மருந்து என்றா சொன்னார்கள் என்றேன். சிரித்துவிட்டார். இப்போது மீதி பாட்டில் அடுப்பங்கரையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை நெய்ச்சோற்றுக்கு வெங்காயத்தை ஊறப்போடுகிறார்.