கல்லீரல் நோயால் வயிற்று நரம்பு வெடித்து ரத்தம் வந்தால் பசை வைத்து அடைப்பார்களாமே, உண்மையா?

உண்மைதான். கல்லீரல் சுருங்கி இறுகிவிட்டால் குடலிலிருந்து வரும் ரத்தம் அதன் வழியே எளிதில் போக முடியாது. அழுத்தம் ஏறி, ரத்தம் பக்கவழி தேடும். அப்போது உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் உள்ள சிரைகள் (நாம் பேச்சில் நரம்பு என்போமே, அவைதான்) புடைத்து, ஒருநாள் வெடிக்கவும் கூடும்.

உணவுக்குழாய் என்றால் எண்டோஸ்கோப்பி வழியாக ரப்பர் வளையம் மாட்டி நெரித்துவிடுவார்கள். இரைப்பையின் மேற்பகுதியில் சிரைகள் பெரியவை, ஆழத்தில் இருப்பவை. வளையம் நழுவினால் ரத்தப்போக்கு இன்னும் மோசமாகும். அதனால்தான் அங்கே சயனோஅக்ரிலேட் பசை. கடையில் விற்கும் சூப்பர் க்ளூவின் உறவுக்காரன்தான் அது! ஊசியால் சிரைக்குள் செலுத்தினால், ரத்தம் பட்ட சில நொடிகளில் கல்லாக இறுகிவிடும். ஊசியைச் சட்டென்று உருவாவிட்டால் அதுவும் ஒட்டிக்கொள்ளும். அரிதாகப் பசைத்துணுக்கு நுரையீரலுக்குப் போய் அடைப்பதும் உண்டு.

அடைத்த பசை வாரங்கள், மாதங்கள் கழித்துத் தானாக உதிர்ந்து மலத்தோடு போய்விடும். ஆனால் கல்லீரல் அழுத்தம் அப்படியேதான் இருக்கும். மறுபடி ரத்தம் வந்தால் திரும்பப் பசை வைப்பார்கள், அல்லது கல்லீரலுக்குள் டிப்ஸ் என்ற மாற்றுவழிக் குழாய் பொருத்துவார்கள். ரத்த வாந்தியோ தார் போலக் கறுப்பு மலமோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.