மஞ்சள் கரு எங்கே போனது?

வணக்கம் அம்மா,

தேவகோட்டைதான் எனக்குச் சொந்த ஊர். வேலைக்காக 2011இல் சிங்கப்பூர் வந்தேன். ஈசூனில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறேன். ராஜேந்திர சோழனின் கடல் படையெடுப்பை வைத்து ஒரு நாவல் எழுத ஆசை. இரண்டு வருடமாகியும் நாற்பது பக்கம் தாண்டவில்லை. சிங்கப்பூரைப் பற்றி எழுதலாம் என்றால், இங்கே வரலாறு என்று என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் இடித்துவிட்டார்கள். எழுதத் தூண்டுதல் எங்கிருந்து வரும்? தினமும் எத்தனை பக்கம் எழுத வேண்டும்? வீட்டில் சத்தம் என்று புளோக்கின் கீழே இருக்கும் வெற்றுத்தளத்துக்குப் போனால், அங்கே ஒரு பெரியவர் பிரிட்டிஷ் கடற்படைத் தளமான நேவல் பேஸில் வேலை பார்த்த கதையை ஆரம்பித்துவிடுகிறார். ஒரு மணி நேரம் வீணாகிவிடுகிறது.

கே.

அன்புள்ள தம்பி,

தினமும் எத்தனை பக்கம் என்பதை உங்கள் வேலையும் குடும்பமும் பார்த்துக்கொள்ளட்டும். ராஜேந்திரனையும் இப்போதைக்கு விடுங்கள். 1025இல் அவன் கடாரம் வென்றதைச் சொல்லக் கல்வெட்டு இருக்கிறது, எழுத ஆளும் நிறைய இருக்கிறார்கள். 'இங்கே வரலாறு என்று என்ன இருக்கிறது' என்று கேட்டீர்களே, அந்த ஒரு வரிதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. ஏனென்றால் போன மாதம் முழுக்க நான் சுண்ணாம்பைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் அப்பாயி வெற்றிலை போடுவார். மூடியில் பள்ளம் விழுந்த ஒரு பித்தளைச் சுண்ணாம்பு டப்பா எப்போதும் மடியில் இருக்கும். நாங்கள் அப்போது கெர்பாவ் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் ரோட்டு வீரமாகாளியம்மன் கோயிலுக்குக் கிளம்பும்போது அப்பாயி கோயில் பேரைச் சொல்லமாட்டார். 'சுண்ணாம்புக் கம்பத்துக்குப் போயிட்டு வரலாம் வா' என்பார். கம்பம் என்றால் மலாய்க் கம்போங், கிராமம். எனக்கு ஏழு வயது. அங்கேதான் அப்பாயிக்குச் சுண்ணாம்பு கிடைக்கிறது என்று முழுசாக நம்பினேன். ஒருநாள் டப்பா காலியாக இருந்தது. கோயில் வாசலில் பூக்கடைக்காரரிடம் அதை நீட்டி, சுண்ணாம்பு வேண்டும் என்றேன். அப்பாயி சிரிக்கவில்லை. என் கையிலிருந்து டப்பாவை வாங்கிக்கொண்டு, 'இங்க சூளை இருந்துச்சாம்மா, எங்க மாமியா சொல்லும்' என்றார். நான் மேலே கேட்கவில்லை. யார் வேலை செய்தார்கள், மாமியார் சூளையைக் கண்ணால் பார்த்தவரா, யாரும் சொல்லிக் கேட்டவரா, எதையும் கேட்கவில்லை. 1979இல் அப்பாயி போய்விட்டார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் உட்கார்ந்திருக்கிறேன்.

சூளை இருந்தது உண்மைதான். அந்தப் பக்கத்துக்கே நம் ஆட்கள் வைத்த பேர்தான் சுண்ணாம்புக் கம்பம். வெந்த சுண்ணாம்பு கட்டடங்களுக்குப் போனது. அப்படிச் சுண்ணாம்பு பூசிய ஒரு கட்டடம் சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் வெள்ளையாக நிற்கிறதே, செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். அதன் சுண்ணாம்பு எந்தச் சூளையில் வெந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. கட்டிய கைகள் யாருடையவை என்று தெரியும். 1856இல் அடிக்கல் நாட்டினார்கள், 1862இல் முறைப்படி ஆலயமாக அர்ப்பணித்தார்கள். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். 1825 முதல் அவர்களைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள்.

அந்தக் கைதிகளை மேய்த்த மேஜர் மெக்நேர் 1899இல் வெளியிட்ட புத்தகத்தில் சுவர்ப் பூச்சின் பக்குவத்தை எழுதிவைத்திருக்கிறார். மெட்ராஸ் சுண்ணாம்பு என்று அதற்குப் பேர். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக் கரு, நாட்டுச் சர்க்கரை மூன்றையும் பசைபோல அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரைச் சேர்த்துக் குழைத்திருக்கிறார்கள். பூசிக் காய்ந்தபின் பளபளப்பு வரும்வரை வழவழப்பான கல்லால் தேய்த்திருக்கிறார்கள். தம்பி, நீங்கள் தேவகோட்டைக்காரர். வெயில் காலத்தில் பழைய செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்திருப்பீர்கள். அந்த வழவழப்பும் குளிர்ச்சியும் இதே கைப்பக்குவத்தில் வந்ததுதான். இங்கே வரலாறு இல்லை என்று நீங்களே எழுதலாமா?

சரி, இனி நான் சொல்ல வந்த விஷயம். பூச்சுக்கு வேண்டியது வெள்ளைக் கரு மட்டும். அப்படியானால் மஞ்சள் கரு எங்கே போனது?

அவ்வளவு பெரிய தேவாலயத்தின் சுவர்களுக்கு எத்தனை முட்டை உடைத்திருப்பார்கள்! யாரோ ஒருவன் காலையிலிருந்து குந்தி உட்கார்ந்து, ஓட்டின் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்கு மஞ்சளை மாற்றி மாற்றி, வெள்ளையை மட்டும் சட்டியில் வழியவிட்டிருப்பான். மஞ்சள் இன்னொரு சட்டியில் சேர்ந்துகொண்டே இருக்கும். இந்த வெயிலில் அது மத்தியானம் தாங்காது. அதைத் தின்றது யார்? கைதிகளுக்குப் பங்கு கிடைத்ததா, காவலன் வீட்டுக்குப் போனதா? இங்கே இன்னொன்றும் உண்டு. கைதிகளுக்குக் காவல் வைத்ததும் கைதிகளையேதான். மெக்நேர் புத்தகத்தின் பேரே அதைத்தான் சொல்கிறது. அப்படியென்றால் சட்டியைக் கொண்டுபோனவனும் காவலுக்கு நின்றவனும் ஒரே கப்பலில் வந்தவர்களாக இருக்கலாம். முட்டையைத் தொடாத குடும்பத்தில் பிறந்த ஒருவனைக் கொண்டுபோய் அந்த வேலையில் உட்கார வைத்திருந்தால்? முதல் நாள் அவன் கையை எத்தனை தடவை கழுவியிருப்பான்?

இதற்கெல்லாம் ஆவணத்தில் பதில் தேடாதீர்கள். ஆவணம் பூச்சின் பக்குவத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து நீங்கள் போக வேண்டும். தூண்டுதல் வரவில்லை, வரவில்லை என்கிறீர்களே, அது பஸ்ஸா, நிறுத்தத்தில் நின்றால் வருவதற்கு? நீங்கள் சட்டிக்குள் எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் இடித்துவிட்டார்கள் என்பது பாதி உண்மை. அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

இப்போது அந்தப் பெரியவர். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஒரு மணி நேரம் வீணாகிறதா? அந்த நேவல் பேஸ் இருந்த செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் பெரிய துறை 1938இல் திறந்தது. 1968இல் பிரிட்டிஷ்காரர்கள் தாங்கள் போகப்போவதாக அறிவித்தார்கள், 1971இல் போயும்விட்டார்கள். வேலை போனதும் நம் ஆட்கள் எத்தனையோ பேர் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். இவர் ஏன் திரும்பவில்லை? அந்தக் காலத்தில் அங்கே வேலை பார்த்தவர் என்றால் இன்று எழுபதுக்குக் குறையாது. தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாற்று நேர்காணல்கள் இருக்கின்றன, தமிழிலும் உண்டு, கேளுங்கள். ஆனால் உங்கள் புளோக் பெரியவர் அதில் இருக்கமாட்டார். நோட்டை மூடி வைத்துவிட்டு, இந்தச் சனிக்கிழமை இரண்டு கோப்பி வாங்கிக்கொண்டு கீழே போங்கள். கப்பல், சண்டை என்று பெரிதாகக் கேட்கவேண்டாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன கொண்டுபோவார், எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார், பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், அவர்களில் யார் யார் ஊருக்குப் போனார்கள் என்று கேளுங்கள். கடைசி நாளன்று டிபன் கேரியரைத் திருப்பிக் கொண்டுவந்தாரா என்றும் கேளுங்கள்.

அவர் சொன்னதை எனக்கு எழுதி அனுப்புங்கள். நாவல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.