வைக்கோல் போருக்கு 12,000 ரூபாயா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் வீடு கட்டி, புண்ணியார்ச்சனை முடிச்சிருக்கோமுங்க. ஹாலில் மாட்ட, பிரெஞ்சு ஓவியர் மோனே வரைந்த வைக்கோல் போர் ஓவியத்தின் பிரிண்ட் ஒன்றை மகன் இணையத்தில் பார்த்து வைத்திருக்கிறான். 24க்கு 36 அங்குலம், பிரேமோடு 12,000 ரூபாய், 'லிமிடெட் எடிஷன்' சான்றிதழும் உண்டாம். "நம்ம களத்துல இல்லாத போரா?" என்று அவங்க அப்பா சிரிக்கிறார். வாங்கலாமுங்களா?
- வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: மோனேவும் தன் வீட்டுப் பக்கத்து வயலில் கிடந்த கோதுமைப் போரைத்தான் வரைந்தார். 1890-91இல் காலை, அந்தி, பனி என்று வெளிச்சம் மாற மாற அதையே இருபதுக்கும் மேற்பட்ட படங்களாக வரைந்தவர், அதனால் எந்தப் போர் என்று முதலில் மகனிடம் கேளுங்கள்.

சான்றிதழுக்குக் காசு தராதீர்கள். மோனே 1926இலேயே காலமாகிவிட்டார், காப்புரிமையும் முடிந்தாயிற்று. இன்றைக்கு யாரோ மெஷினில் அடித்து, 'இத்தனை பிரதிதான்' என்று நம்பர் போட்டால் அதற்கு என்ன மதிப்பு? சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட் என்ற அருங்காட்சியகம் தன்னிடமுள்ள 'கோடை முடிவு' போர்ப் படத்தை இலவசமாகவே இறக்கிக்கொள்ள விட்டிருக்கிறது.

அளவுதான் முக்கியம். அந்த மூலப் படம் 60க்கு 100 சென்டிமீட்டர், ஏறக்குறைய 24க்கு 40 அங்குலம். அதையே 36க்குள் அடக்கினால் ஓரத்தை வெட்டியிருப்பார்கள், இல்லையென்றால் நெருக்கியிருப்பார்கள். நீங்களே இறக்கினால் அகலம் எத்தனை பிக்சல் என்று பாருங்கள், அங்குலத்துக்கு 150 என்று வைத்தால் 40 அங்குலத்துக்கு 6,000 வேண்டும். அவ்வளவு இல்லையா, 18க்கு 30 போதும், பெரிதாக்கி மங்கலாக மாட்டுவதற்கு இது எவ்வளவோ தேவலை.

கோவையில் கேன்வாஸ் பிரிண்ட் போடுகிற கடையில் 'பிக்மென்ட் இங்க்'தானா என்று கேளுங்கள், சாதா டை இங்க் சீக்கிரம் வெளுத்துவிடும். மொத்தமும் அடிப்பதற்கு முன் ஒரு சாண் மாதிரி வாங்கிப் பார்த்துவிடுங்கள், பளிச்சென்று இருக்கட்டுமே என்று கடைக்காரர் ஆரஞ்சைக் கூட்டிவிடுவார். கேன்வாஸுக்குக் கண்ணாடி வேண்டாம். பிரேமும் தங்கக் கலரில் கொடி வேலைப்பாடெல்லாம் வேண்டாம், பிஸ்ஸாரோ போன்ற, மோனேவின் பாணியில் வெளிச்சத்தை வரைந்த இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களே வெள்ளை பிரேம் போட்டுப் பார்த்தவர்கள்தான்.

அப்புறம், மேற்கு வெயில் நேராக விழும் சுவரைத் தவிருங்கள். புதுப் பூச்சுச் சுவர் என்பதால் ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள், அப்போதும் பின்னால் நாலு மூலையிலும் சின்ன ரப்பர் துண்டு ஒட்டிக் காற்றுப் போக இடம் விடுங்கள்.