மகள் எரிமலை படிக்கப் போகிறேன் என்கிறாள்

போன வாரம் நீங்களும் உங்கள் மகளும் கடலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து புதுச்சேரியில் என் எதிரே உட்கார்ந்தீர்கள். நீங்கள் கேட்ட முதல் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "நம்ம பக்கம் எரிமலையே கிடையாதே சார், இதைப் படிச்சிட்டு இந்தப் பொண்ணு எங்க போய் வேலை பார்க்கும்?" அன்றைக்கு அரை மணி நேரத்தில் சொல்லி முடியவில்லை அம்மா, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது அவள் என்னிடம் சொன்னதை முதலில் சொல்கிறேன். தேவனாம்பட்டினத்தில் பாட்டி வீட்டுக் கிணறு 2004 சுனாமிக்குப் பிறகு உப்பாகிவிட்டதாம். கடல் வந்து போனது ஒரு நாள். உப்பு ஏன் வருஷக்கணக்காகப் போகவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம். மண்ணும் பாறையும் தண்ணீரும் ஒன்றோடொன்று என்ன செய்கின்றன என்று கேட்பதுதான் புவிவேதியியல். அந்தப் பெயர் தெரியாமலே அவள் அதற்குள் வந்து நிற்கிறாள்.

எரிமலையும் நீங்கள் நினைக்கிற அளவுக்குத் தூரத்தில் இல்லை. பூமியின் மேலோடு பெரிய பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்து நகர்கிறது. நம்முடைய இந்தியத் தட்டு கிழக்கே இன்னொரு தட்டுக்கு அடியில் செருகிக்கொண்டே போகிறது. 2004-ல் அந்த விளிம்பு உடைந்ததால்தான் நம் கரைக்கு அலை வந்தது. அதே செருகலால் ஆழத்தில் பாறை உருகி மேலே வருகிற இடம் அந்தமானின் பாரன் தீவு, இந்தியாவில் உயிரோடிருக்கும் ஒரே எரிமலை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அடங்கிக் கிடந்து 1991-ல் மறுபடி கக்கியது.

புவிவேதியியல் படித்தவர்கள் செய்யும் வேலையைச் சமையலறையிலிருந்தே சொல்லலாம். ஆறிப்போன டிகாக்‌ஷனைப் பார்த்தே கொதிக்கிற தண்ணீர் ஊற்றினார்களா, வெதுவெதுப்பாக ஊற்றினார்களா என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள் இல்லையா? பூமிக்கடியிலிருந்து தானாகச் சூடாக வரும் வெந்நீர் ஊற்றுகளும் அப்படித்தான். ஆழத்தில் சூடு ஏற ஏறப் பாறையின் சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) தண்ணீரில் கூடுதலாகக் கரையும். மேலே வரும் வழியில் தண்ணீர் ஆறிவிடும், ஆனால் கரைந்த சிலிக்கா அவ்வளவு சீக்கிரம் பிரியாது. அதை அளந்து, சோடியமும் பொட்டாசியமும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்றும் பார்த்தால், துளை போடுவதற்கு முன்பே கீழே எத்தனை டிகிரி இருக்கும் என்று கணக்கிடலாம். பூமிக்கடியில் இருக்கும் சூட்டிலிருந்து மின்சாரம் எடுப்பது புவிவெப்பத் தொழில்; ஒரு கிணறு தோண்டப் பல கோடி செலவாகும் அந்தத் தொழிலில் இந்தக் கணக்குக்கு இருக்கும் மதிப்பை யோசித்துப் பாருங்கள். மின்நிலையம் வந்த பிறகும் இவர்கள் தேவை, ஏனென்றால் அதே சிலிக்கா குழாய்க்குள் படிந்து அடைத்துக்கொள்ளும்.

எரிமலையில் அளப்பது வாயுவை. 1991-ல் பிலிப்பைன்ஸின் பினடூபோ எரிமலையில் மே மாத நடுவில் நாளுக்கு 500 டன் அளவில் இருந்த கந்தக டை ஆக்ஸைடு, மாதக் கடைசியில் 5,000 டன்னைத் தாண்டியது. உருகிய பாறைக் குழம்பு புதிதாக மேலே ஏறுகிறது என்று அதிலிருந்து புரிந்துகொண்டார்கள். நில அதிர்வுகளையும் சேர்த்துப் பார்த்து ஊர்களைக் காலி செய்ததால், ஜூன் 15 பெருவெடிப்பின்போது ஆயிரக்கணக்கான உயிர்கள் தப்பின. ஆபத்தையும் மறைக்க மாட்டேன். 1993-ல் கொலம்பியாவின் கலெராஸ் எரிமலைக்குள் இறங்கியிருந்த ஆறு விஞ்ஞானிகள் அங்கேயே இறந்தார்கள். ஆனால் இந்தத் துறையில் பெரும்பாலோரின் நாட்கள் ஆய்வுக்கூடத்திலும் கம்ப்யூட்டர் முன்னாலும்தான் கழிகின்றன.

இனி வேலை விஷயம். இந்தியாவில் புவிவெப்ப மின்சாரம் இன்னும் தொழிலாக வளரவில்லை. லடாக்கில் 4,400 மீட்டர் உயரத்திலிருக்கும் புகா பள்ளத்தாக்கில் 1 மெகாவாட் சோதனை நிலையத்துக்காக ஓ.என்.ஜி.சி. 2021-ல் ஒப்பந்தம் போட்டது. நாம் நிற்கும் இடம் அதுதான். "எரிமலைப் படிப்பு, உடனே வேலை" என்று எந்தக் கல்லூரியாவது சொன்னால் பணம் கட்டாதீர்கள். ஆனால் தண்ணீரையும் பாறையையும் பகுத்தாயத் தெரிந்தவருக்குக் கதவுகள் நிறைய. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை (ஜி.எஸ்.ஐ.), மத்திய நிலத்தடி நீர் வாரியம், மாசுக்கட்டுப்பாட்டு வாரியங்கள் இருக்கின்றன. காரைக்காலிலேயே ஓ.என்.ஜி.சி. இருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் ஓடும். அந்தத் தண்ணீரைப் புரிந்துகொள்வதும் இவர்கள் வேலைதான்.

படிப்பில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. புவியியல் என்றால் பள்ளியில் ஜியாகிரபி. அவளுக்கு வேண்டியது ஜியாலஜி, நிலவியல். விண்ணப்பத்தில் மாற்றிப் போட்டுவிட்டு அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மாவட்டத்திலேயே, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இதற்குத் துறை இருக்கிறது. இங்கே புதுச்சேரி பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. பி.எஸ்சி. வேதியியல் எடுத்தாலும் இந்தப் பக்கம் வரலாம், ஆனால் நிலவியல் முதுகலைக்குப் பல இடங்களில் நிலவியல் பட்டமே கேட்பார்கள். அதனால் என் யோசனை, பி.எஸ்சி. நிலவியல், கூடவே துணைப்பாடமாக வேதியியல். அவள் மனசு முழுக்க வேதியியல்தான் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி விஞ்ஞானி தேர்வில் எம்.எஸ்சி. வேதியியல் முடித்தவர்களுக்கென்றே கெமிஸ்ட் பதவி உண்டு. குரூப் ஏ வேலை, அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்கும். பட்டத்துக்குப் பிறகு ஜாம் (JAM) நுழைவுத்தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி.; அதன் பிறகு மேலே ஆராய்ச்சிக்குப் போக கேட் (GATE) தேர்வு. ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது வீடுகள் புவிவெப்பத்தால் சூடாகின்றன. அங்கே 1979 முதல் வளரும் நாட்டவருக்கு ஆறு மாதப் பயிற்சி நடக்கிறது. ஏற்கெனவே துறையில் வேலை செய்கிறவர்களுக்கானது என்பதால் இப்போது அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

"பொம்பளப் புள்ள காடு மலைன்னு அலையணுமா" என்று தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள். அலையத்தான் வேண்டும். வருஷத்தில் சில மாதம் முகாமில் தங்குவாள், வெயிலில் கறுப்பாள், கல் மூட்டை தூக்குவாள். 2019-ல் சுரங்கங்களிலேயே பெண்கள் வேலை பார்க்க மத்திய அரசு வழிவிட்டது, நிலத்தடியில் பகலில், தொழில்நுட்பப் பணிகளுக்கு. உங்கள் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை அம்மா. ஆனால் அந்தக் கிணற்றைப் பற்றி அவள் பேசியபோது முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்க்கவில்லை.

முடிவெடுக்க இன்னும் நாள் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைத் திருவக்கரைக்குக் கூட்டிப் போங்கள். வக்கிரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பக்கத்திலிருக்கும் கல்மரப் பூங்காவில் நடந்து பாருங்கள். சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவை புதைந்திருக்கும் பாறைக்கு நிலவியலில் உங்கள் ஊர்ப் பெயர்தான், கடலூர் மணற்கல். மரத்துக்குள் நுழைந்து அதைக் கல்லாக்கியதும் நான் மேலே சொன்ன அதே சிலிக்காதான். எப்படி என்று அவளையே விளக்கச் சொல்லுங்கள். அவள் சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டு எனக்கு போன் பண்ணுங்கள்.