வெட்டுன புரொபேஷன் சர்வீஸை காசு குடுத்தா திரும்ப கொண்டுவந்துடலாமா?

பட்ஜெட்ல கை வெச்ச கோர்ட் புரொபேஷனை, அதாவது தப்பு பண்ணவங்கள ஜெயிலுக்கு வெளிய வெச்சு பாத்துக்கற நன்னடத்தை கண்காணிப்பை, பணம் ஒதுக்குனா பழையபடி ஆக்கிடலாமான்னு கேட்டிருக்கீங்க. இங்கிலாந்து, வேல்ஸ்ல நடந்ததைப் பாத்தா அவ்ளோ ஈஸி இல்லைங்க.

2014ல, கிறிஸ் கிரேலிங் நீதித்துறை அமைச்சரா இருந்தப்போ, உள்ளூர்ல இந்த வேலைய பாத்துட்டிருந்த 35 புரொபேஷன் டிரஸ்ட்டையும் (அரசு அமைப்புங்க) கலைச்சுட்டு, ரிஸ்க் அதிகமான ஆளுங்கள மட்டும் அரசு வெச்சுக்கிட்டு மிச்சப்பேரை 21 கம்பெனிங்களுக்கு பிரிச்சுக் குடுத்துட்டாங்க. எதிர்பார்த்த அளவுக்கு கேஸ் வரல, வருமானம் குறைஞ்சுது, உடனே ஆள்குறைப்பு. சில இடத்துல கண்காணிப்புன்னாலே ஆறு வாரத்துக்கு ஒரு போன் கால்தான் (இதுக்கு எதுக்குங்க ஒரு ஆபீஸு?). கோர்ட்ல ரிப்போர்ட் குடுக்கறது அரசு ஆளு, தண்டனைய நடத்தறது கம்பெனி, கம்பெனி என்ன செய்யும்னு ரிப்போர்ட் குடுக்கற அரசு ஆளுக்கே சரியா தெரியாது, அப்புறம் மாஜிஸ்திரேட் எதை நம்பி ஜெயிலுக்கு பதிலா வெளிய விடுவாரு?

2019ல புரொபேஷன் சர்வீஸை ஆய்வு பண்ற தலைமை இன்ஸ்பெக்டர் கிளெனிஸ் ஸ்டேசி இந்த மாடலையே சரிபண்ண முடியாதுன்னு சொல்லிட்டாங்க, 2021 ஜூன்ல எல்லாத்தையும் திரும்ப அரசே எடுத்துக்கிச்சு.

ஆனா போர்டு மாத்துனா போதுமா? அனுபவசாலிங்க நிறையப்பேரு வேலைய விட்டுட்டாங்க, புது ஆபீசருக்கு டிரெய்னிங்கே 15 மாசம், சிலருக்கு 21 மாசம். அதுவரைக்கும் இருக்கறவங்க தலையிலதான் அத்தனை கேஸும். அதனால என்னைக் கேட்டா, காசு வந்தா முதல்ல ஆள் எடுக்கணும், சீனியருங்கள எப்படியாவது திரும்ப கூப்பிடணும், ஆபீஸ் பேரு லோகோவெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.